கால் அங்குல இடைவெளி

1938 ஜூன் 20, திங்கள்

மாப்பிள்ளையின் வெள்ளைக் கோட்டை மூன்றாவது முறையாக நானே துவைத்தேன். மகள் லதா துவைத்தால் அந்தக் கோடு போவதில்லை. கழுத்துப்பட்டையிலிருந்து இடுப்பு வரை, நடுமுதுகில், ஆள்காட்டி விரல் அகலத்துக்கு ஒரு சேற்றுக்கோடு. சைக்கிளின் பின்சக்கரம் வாரி அடிப்பது. மேகமலை எஸ்டேட் ரைட்டர் ஒருவரிடம் மாப்பிள்ளை அதை வாங்கும்போதே மட்கார்டு கிடையாது, கேரியரும் கிடையாது. கோடையில் அது தெரியவில்லை. பள்ளிக்கூடம் திறந்தது, சாரலும் ஆரம்பித்தது, இப்போது தெரிகிறது.

சின்னமனூரிலிருந்து மார்க்கையன்கோட்டைக்கு வாய்க்கால் கரை வழியாக மூன்று மைல். போகும்போது ஒரு கோடு. வரும்போது அதன்மேல் இன்னொன்று.

பால் ஊற்ற வந்த மொக்கம்மாள் கொடியில் கிடந்த கோட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "எங்க அக்கா பேரன் அந்தப் பள்ளிக்கூடத்துலதானம்மா படிக்கிறான். ஒங்க மருமகனுக்குப் பிள்ளைக பேரு வச்சிருக்குக. அணில் வாத்தியாராம்."

நான் சிரிக்கவில்லை. செம்பை வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். ஹையர் எலிமெண்டரி ஹெட்மாஸ்டர். இந்த வீட்டு மாப்பிள்ளை. அணில்.

ஜூன் 22

கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, "லதா, சைக்கிளுக்கு மட்கார்டும் கேரியரும் போட்டுத் தருவதாக இருக்கிறேன், மாப்பிள்ளையிடம் கேள்" என்றேன். அந்தப் பக்கம் இருந்தவர், "லதா, அத்தைக்கு எதுக்குச் சிரமம்னு சொல்லு" என்றார். லதா இரண்டு பேருக்கும் நடுவில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதையும் யாரிடமும் சொல்லவில்லை. அவள் சொல்லவும் வேண்டாம், இரண்டு பேருக்கும் காது நன்றாகக் கேட்கிறது.

லதாவுக்குக் கலியாணமாகி ஏழு வருஷம். அவர் இந்த வீட்டில்தான் இருக்கிறார். ஒரு வார்த்தை நேருக்கு நேர் பேசியதில்லை. என் தாயார் என் வீட்டுக்காரரிடம் சாகும்வரை பேசவில்லை. மரியாதை என்றால் அதுதான்.

சிரமம் என்றால் வேண்டாம் என்று பொருளில்லை.

ஜூன் 24

கடைத்தெரு சைக்கிள் கடை ஷேக் மைதீனிடம் சொல்லி மதுரைக்கு எழுதச் சொன்னேன். மாப்பிள்ளைக்குச் செய்வது, நல்லதாக வரவேண்டும் என்றேன். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் ஆபீஸ் ஏற்பாட்டில் இந்தச் சரகத்து வாத்தியார்கள் எட்டுப் பேர் சைக்கிளுக்கும் அவர்தான் கேரியர், மட்கார்டு பொருத்தப்போகிறாராம். "மொதல்ல ஒங்க வண்டிம்மா. இதப் பாத்துட்டுத்தான் அவுகளும் குடுப்பாக" என்றார். நியாயமான பேச்சு.

ஜூலை 4

பார்சல் வந்துவிட்டது. கறுப்புப் பெயிண்ட், ஓரத்தில் தங்க நிறத்தில் மெல்லிய கோடு. கூடவே ஒரு அச்சுத்தாள். அதில் சக்கரமும் மட்கார்டும் ஒரே மையத்திலிருந்து காம்பஸ் வைத்துப் போட்ட இரண்டு வட்டங்கள் போல இருக்கின்றன. நடுவில் கால் அங்குல இடைவெளி என்று குறித்திருக்கிறது. நான் படித்த கான்வென்டில் மதர் ஆக்னஸ் பார்த்திருந்தால் போர்டில் வரைந்து காட்டியிருப்பார்.

ஜூலை 6, புதன்

குடை பிடித்துக்கொண்டு கடை வாசலில் ஒரு மணி நேரம் நின்றேன். மைதீன் ஸ்டூல் எடுத்துப் போட்டார். உட்காரவில்லை.

கேரியரை ஒழுங்காகத்தான் பொருத்தினார். இரண்டு கால்களும் பின் அச்சில், தலை சீட்டுக்குக் கீழே. கை வைத்து அழுத்திப் பார்த்தேன், அசையவில்லை. மட்கார்டில்தான் வந்தது வம்பு. அது சக்கரத்தை விட்டு எழும்பி நிற்கிறது, கடன் வாங்கிய தொப்பி போல. நான் தையல் பெட்டியிலிருந்து எடுத்துப்போயிருந்த மர ஸ்கேலை வைத்து அளந்தேன். ஒன்றரை அங்குலம்.

"என்ன பாய் இது. தாள்ல இருக்கிற மாதிரி இல்லையே."

"தாளு சீமையில அடிச்சதும்மா. அங்கன தார் ரோடு. இங்கன வாய்க்காத் தூரை அள்ளிக் கரையிலதான போட்டிருக்காக? நல்லா ஒரு மழை பெஞ்சா அம்புட்டும் பிசைஞ்ச மாவு. ரெண்டு வெரக்கடை விட்டாத்தான் சேறு வெளிய போகும்."

"தாள்ல கால் அங்குலம்தான் இருக்கு."

"ஒங்க ஸ்கேலுக்குச் சேறு தெரியாதும்மா."

காற்றடிக்க வந்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். மைதீனும் சிரித்தார். கேலியாக இல்லை, சாதாரணமாகத்தான். ஆனால் தையலுக்கும் டிராயிங்குக்கும் முதல் பரிசாக எனக்குக் கொடுத்த ஸ்கேல் அது. நாற்பத்தாறு வருஷமாக அது சொன்ன அளவில் ஒன்றும் தப்பியதில்லை.

அவர்கள் காற்றடித்துக்கொண்டு போகும்வரை நின்றேன். பிறகு சொன்னேன்: "உள்ளே குடுத்திருக்கிற வாஷரையெல்லாம் கழற்றுங்க. கால் அங்குலம். முன்னாலும் பின்னாலும். ஏதாவது ஆச்சுன்னா நான் பொறுப்பு."

மைதீன் என்னைப் பார்த்தார். ஸ்பேனரைப் பார்த்தார். கழற்றினார்.

ஜூலை 7

சுற்றிலும் கால் அங்குலம். எங்கே அளந்தாலும் கால் அங்குலம்.

ஜூலை 9

இரண்டு நாளும் தூறல். கோட்டில் ஒரு பொட்டுக்கூட இல்லை. மாப்பிள்ளை தண்ணீர் குடிக்கும்போது, "லதா, வண்டி ரொம்ப நேர்த்தியா இருக்குன்னு ஹெட்கிளார்க் சொன்னாரு" என்றார். கதவைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஜூலை 14, வியாழன்

காலையில் கனத்த மழை. பத்து மணிக்கு வெறித்தது. பதினொன்றுக்கு மாட்டுவண்டி வாசலில் நின்றது. மாப்பிள்ளை வைக்கோல்மேல் கிடந்தார், கண் திறந்திருந்தது. வலது தோள் ஒரு பக்கமாகச் சரிந்து — என் கண் முதலில் அந்தச் சேற்றுக்கோட்டைத்தான் தேடியது. முகத்திலிருந்து கால்வரை சேறு. கோடே இல்லை.

கரையோரம் நடவு பார்த்துக்கொண்டிருந்த சுருளியாண்டிதான் தூக்கிப்போட்டுக் கொண்டுவந்தவர். "முன்சக்கரம் சுத்தவே இல்லம்மா. ஆணி அடிச்சாப்புல அப்படியே நின்னுருச்சு. வாத்தியார் கைப்பிடிக்கு மேல பறந்து போயி மடைக்கல்லுல விழுந்தாக. இன்னும் ஒரு சாண் தள்ளியிருந்தா தலை."

காறை எலும்பு முறிந்திருக்கிறது. தலை இல்லை. ஒரு சாண். சேசுவே, ஒரு சாண்.

கேரியரில் கட்டியிருந்த காம்போசிஷன் நோட்டுகள் நாற்பத்திரண்டும் கட்டு அவிழாமல் இருக்கின்றன.

ஜூலை 15

டாக்டர் கட்டுப் போட்டுவிட்டார். ஆறு வாரம் வலது கையை அசைக்கக்கூடாது. லதா அவர் பக்கத்திலேயே இருக்கிறாள்.

சைக்கிளைக் கொல்லையில் சாத்தியிருக்கிறார்கள். மத்தியானம் போய்ப் பார்த்தேன். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் களிமண், புல் வேரோடு சேர்ந்து இறுகி, செங்கல் போல. ஸ்கேலின் ஓரத்தை நுழைத்துப் பார்த்தேன். நுழையவில்லை. மைதீன் சொன்னபடியே. ஒரு எழுத்துப் பிசகாமல்.

கிணற்றிலிருந்து நாலு வாளி இறைத்துக் கழுவிவிட்டேன். துடைத்தும் வைத்தேன்.

எதற்குக் கழுவினாய்? துரு ஏறும் என்றா?

ஜூலை 16

மொக்கம்மாள்: "அந்தப் பாயி பூட்டுன பூட்டுல மனுசன் உசுரே போகப் பாத்துச்சுன்னு கடைத்தெருவே பேசுதும்மா." நான் பால் தண்ணீராக இருக்கிறது என்று சொன்னேன். நல்ல பால்தான்.

லதா நேராகக் கடைக்கே போய்க் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. என்ன சொன்னார் என்றேன், அடுப்பைப் பார்த்துக்கொண்டு.

"ஒண்ணும் சொல்லலம்மா. எங்கையால பூட்டுனதுதான் தாயின்னு மட்டும் சொன்னாரு. தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. குத்தமுள்ளவன் வேற எப்படி நிப்பான்?"

நான் அங்கே நின்றது அவளுக்குத் தெரியாது. அன்று அவள் கோவில் சுத்தம் செய்யப் போயிருந்தாள்.

ஜூலை 19, செவ்வாய்

இன்று கேட்டுவிட்டார்கள்.

மாப்பிள்ளை இன்ஸ்பெக்டருக்கு எழுதவேண்டுமாம். மற்ற எட்டு வாத்தியார்களும் அந்தக் கடையில் வண்டியைக் கொடுத்து இதே மாதிரி விழக்கூடாது, அது தன் கடமை என்கிறார். தப்பில்லை, அவருக்குத் தெரிந்த மட்டில் அது கடமைதான். வலது கை கட்டுக்குள் இருக்கிறது. "லதா, இங்கிலீஷ்ல அத்தை மாதிரி யாருக்கும் எழுத வராது. எழுதித் தருவாகளான்னு கேளு."

ஏழு வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி.

நிப்பு சரியில்லை, நாளைக்கு எழுதுகிறேன் என்று சொல்லச் சொன்னேன்.

ஜூலை 20

எழுதினேன். பதினெட்டு வரி. மெக்கானிக்கின் அஜாக்கிரதையால், போதிய இடைவெளி விடாமல் பொருத்தப்பட்டதால். 'பொருத்தப்பட்டதால்' — யாரால் என்று சொல்லாத வாக்கியம். அப்படி எழுத இங்கிலீஷ் எவ்வளவு வசதியான பாஷை. ஓர் அடித்தல் திருத்தல் இல்லை, எழுத்து அச்சு மாதிரி வந்திருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

மாப்பிள்ளை இடது கையால் கையெழுத்துப் போட்டார். நாலு மணித் தபாலில் போய்விட்டது.

ஜூலை 23, சனி

பாவசங்கீர்த்தனம். கோபப்பட்டதைச் சொன்னேன். மொக்கம்மாளின் பாலைக் குறைசொன்னதைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை காலை ஜெபத்தில் கவனம் சிதறியதைச் சொன்னேன். வேறு ஏதாவது உண்டா என்று சாமியார் கேட்டார்.

இல்லை சாமி என்றேன்.

நாளைக்குப் பூசையில் நன்மை அப்பம் வாங்கப் போகமாட்டேன். தலைவலி என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஜூலை 24

தலைவலி உண்மையாகவே வந்துவிட்டது.

ஜூலை 26, செவ்வாய்

மைதீனின் மனைவி லத்திபா வந்திருந்தாள். பின்வாசல் வழியாக வந்தாள். காபி கொடுத்தேன், தொடவில்லை.

"எட்டு வண்டியும் உத்தமபாளையத்துக்குப் போகுதாம்மா. காத்தடிக்கக்கூட இப்ப ஆளு வரல. அவுக வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு குமுளிக்குப் போறாக. அங்கன ஒரு கடையில கூலிக்கு நிக்கப்போறாகளாம். சொந்தக் கடை வச்சிருந்த மனுசன்." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "என்ன நடந்துச்சுன்னு கேட்டா வாயே தெறக்க மாட்டேங்கிறாக. இருவது வருசமா நான் பாத்த மனுசன்மா, ஒரு திருகாணி கூடுதலா முறுக்கமாட்டாக. நீங்க ஒங்க மருமகன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. நீங்க சொன்னா கேப்பாக."

நான் சொன்னேன்: "நான் மாப்பிள்ளைகிட்டப் பேசுறதில்லை லத்திபா. வழக்கமில்லை."

அவள் தலையாட்டினாள். நம்பினாள். "ஆமாம்மா, பெரிய வீடு" என்றாள். போய்விட்டாள்.

இதை எழுதக் கை வரவில்லை. எழுதிவிட்டேன். என் அம்மாவின் மரியாதையை எடுத்து என்ன காரியத்துக்குப் போர்த்திக்கொண்டேன். எம் புத்தி ஏன் இப்படிப் போகுது? பொறுப்பு நானுன்னு சொன்ன வாய்தானே?

ஜூலை 27

ஸ்கேலைத் தையல் பெட்டியின் அடியில், பழைய லேஸ்களுக்குக் கீழே வைத்தேன். பிறகு எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தேன். அது என்ன செய்தது.

ஜூலை 28, வியாழன்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

காலை ஒன்பது மணி. மாப்பிள்ளை நாற்காலியில் இருந்தார். லதா அவருக்குத் தோசை பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் கதவைத் தாண்டி உள்ளே போனேன். அவர் எழுந்திருக்கப் பார்த்தார், கட்டு இழுத்தது. "உட்காருங்க" என்றேன். லதாவின் கையில் தோசைத் துண்டு அப்படியே நின்றது.

"மாப்பிள்ளை, வாஷரைக் கழற்றச் சொன்னது நான். ரெண்டு விரல் விடணும்னு மைதீன் சொன்னாரு. நான் ஸ்கேல் வச்சுக் கால் அங்குலம்னு சொன்னேன். ஏதாவது ஆச்சுன்னா நான் பொறுப்புன்னும் சொன்னேன். சக்கரத்துல அடைச்சிருந்த களிமண்ணை மறுநாள் கழுவிவிட்டதும் நான்தான்."

லதா தோசைத் துண்டைத் தட்டில் வைத்தாள்.

"கடுதாசி எழுதுனதும் நீங்கதானே அத்தை" என்றார். என் முகத்தைப் பார்த்து அவர் சொன்ன முதல் வாக்கியம் இது.

"ஆமா."

"பதினஞ்சு நாளா அந்த மனுசனைத் திட்டிக்கிட்டுக் கிடக்கேன். வீட்டுக்கு வந்து போறவுக அத்தனை பேர்கிட்டயும் சொல்லியிருக்கேன்." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இன்னொண்ணு எழுதுங்க. இடது கையால கையெழுத்துப் போடுறேன்."

"இதுல நான்தான் போடணும்."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். லதா தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். போகும்போது என்னைப் பார்க்கவில்லை.

இரண்டாவது கடிதம் ஆறு வரி. முழுவதும் 'நான்' என்று தொடங்கும் வாக்கியங்கள். இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தினேன். அப்படியே அனுப்பினேன்.

ஜூலை 29, வெள்ளி

தொழுகைக்கு முன்பே கடைக்குப் போனேன். கதவுப் பலகை பாதி போட்டிருந்தது. சாமான் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார் மைதீன். பக்கத்து ராக்கப்பன் காபிக் கடையில் ஏழெட்டுப் பேர். நான் வாசலிலேயே நின்று, அவர்களுக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். நேற்றுச் சொன்ன அதே வார்த்தைகள். இரண்டாவது முறை சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

ராக்கப்பன் டபராவில் காபியை ஆற்றிக்கொண்டே, "கான்வென்டு அம்மாவுக்கே அளவு தப்பிருச்சா?" என்றான்.

"தப்பிருச்சு, ராக்கப்பா."

யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

மைதீன் கயிற்றை விடவில்லை. "ஏன் பாய் யார்கிட்டயும் சொல்லலை" என்றேன்.

"என்னத்தம்மா சொல்ல? நீங்க தெரியாமச் சொன்னீக. நான் தெரிஞ்சே பூட்டுனேன். முடியாதுன்னு ஸ்பேனரைக் கீழ வச்சிருக்கணும். வைக்கல." கயிற்றை இழுத்து முடிந்துவிட்டு, "பஸ்ஸுக்குச் சொல்லிட்டேன்" என்றார்.

இன்ஸ்பெக்டருக்கு எழுதிவிட்டேன் என்றேன். சரிம்மா என்றார். அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை.

பஸ் இரண்டு மணிக்கு. மொக்கம்மாளை அனுப்பிப் பார்த்துவரச் சொல்லலாம். சொல்லவில்லை. தெரிந்துகொள்ளும் பாத்தியதை எனக்கு இல்லை.

ஜூலை 30

கடை திறந்திருக்கிறது. கோவிலுக்குப் போகிற வழியில் பார்த்தேன். போன வாரம் பாவசங்கீர்த்தனத்தில் விட்டுப்போனதைச் சாமியாரிடம் சொன்னேன்.

ஆகஸ்ட் 9, செவ்வாய்

இன்ஸ்பெக்டரிடமிருந்து இரண்டு வரி. நான்கு வண்டி ஏற்கெனவே உத்தமபாளையத்துக்குப் போய்விட்டது, அதைத் திருப்ப முடியாது. மீதி நான்கு மைதீனுக்கு. பாதி. கெடுத்தது முழுசு, திருப்பியது பாதி.

மைதீன் தானே வந்து சைக்கிளைக் கொல்லையில் வைத்துக் கழற்றினார். நான் ஸ்கேலோடு போகவில்லை, வாசற்படியில் நின்றேன். சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே நூலில் கோத்த வாஷர்கள். அன்று நான் கழற்றச் சொன்னவை.

"தூக்கிப் போடலையா பாய்?"

"ஒங்க வண்டிதுதானம்மா. என்னைக்காச்சும் கேப்பீகன்னு வச்சிருந்தேன்."

ஒவ்வொன்றாகப் போட்டார். கடைசியில் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இரண்டு விரலை நுழைத்து, சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

செப்டம்பர் 5

கட்டு அவிழ்த்தாயிற்று. மாப்பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கிவிட்டார். என்னிடம் பேசுவதில்லை. கதவு வழியாகவும் இல்லை. முன்பெல்லாம் லதாவிடம் சொல்வதுபோல் எனக்குச் சொல்வார். இப்போது லதாவிடம் சொல்வது லதாவுக்கு மட்டும்தான்.

முன்பு இருந்ததற்குப் பெயர் மரியாதை. இப்போது இருப்பதும் பார்க்க அதே மாதிரிதான் இருக்கிறது.

அக்டோபர் 10

காம்போசிஷன் நோட்டுகளுக்கு அட்டை போட்டுக் கேரியரில் கட்டி வைத்தேன். எடுத்துக்கொண்டு போனார். அவிழ்த்து வேறு மாதிரி கட்டவில்லை.

அக்டோபர் 24, திங்கள்

ஐப்பசி மழை. நேற்றிலிருந்து விடவில்லை. வாய்க்கால் கரையெல்லாம் கரைந்து கிடக்கிறதாம். நாலரைக்கு வரவேண்டியவர், ஐந்தாகியும் வரவில்லை. லதா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். நான் ஜெபமாலையை எடுத்தேன், எத்தனையாவது மணி என்று தெரியவில்லை.

ஐந்தே காலுக்கு மணிச் சத்தம். ஓட்டிக்கொண்டுதான் வந்தார். மட்கார்டு நிறையக் களிமண், இரண்டு பக்கமும் வழிகிறது. சக்கரம் சுற்றுகிறது. கோட்டின் முதுகு வெள்ளை.

லதா துண்டு எடுக்க உள்ளே ஓடினாள். கொல்லையில் நானும் அவரும்தான். அவர் குனிந்து சக்கரத்தைப் பார்த்தபடியே சொன்னார்: "அத்தை, இதைத் தள்ளிவிடக் குச்சி மாதிரி ஏதாவது இருக்கா?"

இருங்க என்றேன். கைக்கு எது வந்ததோ அதை எடுத்துக்கொண்டு வந்து, அவர் வண்டியைச் சாய்த்துப் பிடிக்க, நானே தள்ளினேன். பொத்துப் பொத்தென்று விழுந்தது.

ஸ்கேலில் எட்டாவது அங்குலம் வரைக்கும் சேறு. கழுவி, அடுப்பு ஓரத்தில் சாத்தி வைத்திருக்கிறேன். கோடுகள் சில அழிந்துவிட்டன.